குடி, மனச்சோர்வு, மறதி: மூன்றும் ஒரே ஆளுக்கு என்றால் முதலில் எங்கே போவது?

"காலையில் சொன்னதை மத்தியானம் கேட்டால், நீ சொல்லவே இல்லை என்கிறார். பொய் சொல்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா தெரியவில்லை." கொஞ்சம் கொஞ்சம் வார்த்தை மாறி, இதே புலம்பல் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் மனைவியிடமிருந்து, சில சமயம் அக்கா தங்கையிடமிருந்து. கூடவே அடுத்த கேள்வியும் வரும். ஜி.எச்.சுக்குப் போவதா, தனியார் டாக்டரிடம் காட்டுவதா, மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா?

நான் மருத்துவர் இல்லை. எங்கள் அண்ணனை அழைத்துக்கொண்டு இந்த வாசல்கள் எல்லாவற்றையும் ஏறி இறங்கியவன், அவ்வளவுதான். ஏறிய வரிசையும் தப்பு. முதலில் ஒரு மையத்தில் சேர்த்தோம். அங்கே காலை வகுப்பில் முந்தின நாள் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அண்ணனால் முடியாது. ஒத்துழைக்கவில்லை என்று மூலையில் நிற்க வைத்தார்கள். பார்க்கப் போன எங்களிடம் "ரொம்பத் திமிர் சார்" என்றார்கள். அம்மா உட்பட எல்லோரும் நம்பினோம்.

சில மாதம் கழித்து, வேறொரு மருத்துவமனையில் உளவியலாளர் ஒருவர் அவருக்கு 15 சொற்களைப் படித்துக் காட்டி, ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னார். முதல் தடவை 4 சொன்னார். அதே பட்டியலை ஐந்தாவது தடவை படித்த பிறகும் 6தான். நடுவில் வேறு வேலை கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது 2. அண்ணனுக்கு அப்போது 46 வயது. அந்த வயதில் நலமாக இருக்கும் ஒருவர் ஐந்தாவது தடவையில் சாதாரணமாகப் பத்தைத் தொட்டுவிடுவாராம். "இவருக்குத் திமிரெல்லாம் இல்லைங்க. சொல்றது உள்ளே ஏறவே இல்லை" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குடிநோய்க்குத் தரும் சிகிச்சையில் பெரும்பகுதி பேச்சு: கவுன்சலிங், வகுப்பு, கூட்டம், அறிவுரை. காதால் கேட்டதை மனதில் ஏற்றிக்கொள்ளும் திறனே அடிபட்டுக் கிடக்கும் ஆளிடம் முதல் வாரத்திலேயே பேச்சைக் கொட்டினால் யாருக்கு லாபம்? எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும்போது பணம், தூரம், மானம் எல்லாம் பார்க்கிறோம். அவர் தலையில் இப்போது எவ்வளவு ஏறும் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. இங்கே அதையும் ஒரு அளவுகோலாக வைத்து நான்கு வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

## எந்த மறதி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மறதிதான். உள்ளே வெவ்வேறு.

மறுநாள் மறதி. "நேற்று ராத்திரி என்ன நடந்தது என்றே தெரியவில்லை" என்பது. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்து ரத்தத்தில் மது சட்டென்று ஏறும்போது, புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வேலையை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார். எதுவும் பதிவாகாது. பதிவாகாததைக் காலையில் எவ்வளவு குடைந்து கேட்டாலும் வராது. பல வீடுகளில் "நடிக்கிறான்" என்று சண்டை நடப்பது இதற்காகத்தான்.

நாள்பட்ட குடியின் மறதி. குடிக்காத பொழுதிலும் இருக்கும். புதுப் பெயர், புது வழி, டாக்டர் சொன்ன மாத்திரைக் கணக்கு இதெல்லாம் ஏற மற்றவர்களைவிட அதிக தடவை சொல்ல வேண்டியிருக்கும். பழைய கதை அப்படியே இருக்கும். பள்ளிக்கூட வாத்தியார் பெயர் சொல்வார், நேற்று வந்த விருந்தாளி பெயர் வராது.

மனச்சோர்வின் மறதி. இதில் கவனமே சிதறிக்கிடக்கும். கேட்டது ஓரளவு உள்ளே போயிருக்கும், எடுத்துத் தர மனம் ஒத்துழைக்காது. எதைக் கேட்டாலும் "தெரியல" என்று முதலிலேயே கையை விரிப்பார். ஆனால் "கடைக்குப் போய் வாங்கணும்னு சொன்னேனே, பருப்பா, புளியா?" என்று எடுத்துக் கொடுத்தால் "புளி" என்பார். வெறுமனே கேட்டால் வராதது, துப்புக் கொடுத்தால் வருகிறது. உளவியலாளர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தேடுவார்கள்.

பி1 குறைவின் மறதி. பயப்பட வேண்டியது இதற்குத்தான். தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்தால் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வரும். இந்த அறிகுறிகளை ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே 1881-லேயே விவரித்தார், காரணம் பி1 குறைவு என்பது பின்னால்தான் தெரிந்தது. உடனே கவனிக்காவிட்டால், ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் 1887-ல் எழுதிய நிரந்தர மறதியில் கொண்டுபோய் விடும். அதில் ஞாபகத்தில் உள்ள ஓட்டையைத் தெரியாமலேயே கதை கட்டி அடைப்பார்கள். "காலையில் மதுரைக்குப் போய்ட்டு வந்தேன்" என்பார், கட்டிலை விட்டு இறங்கியிருக்க மாட்டார். அது பொய் இல்லை. மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வருவது சிலருக்கு மட்டுமே, அதனால் மருத்துவமனையிலேயே தவறிப்போவதுண்டு.

ஒரு கணக்கு. நம் ஊர் குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயம் என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். பத்து கிராமை ஒரு அளவு என்று வைத்தால் ஒரு குவாட்டரில் ஆறு அளவு. தினம் இரண்டு என்றால் பன்னிரண்டு. இவ்வளவு குடிப்பவர் சோற்றைத் தொடமாட்டார். தொட்டாலும் தீட்டிய பச்சரிசிச் சோறு என்றால் பி1 சொற்பம் (புழுங்கலரிசியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்). உள்ளே போனதும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உடம்பில் பி1 சேமிப்பே சில வாரத்துக்குத்தான்.

குடியும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போது ஏறுவதும் குறைவு, ஏறியதை எடுப்பதும் சிரமம் என்று இரண்டு பக்கமும் அடி விழும். எங்கள் அண்ணனுக்கு அதுதான்.

இவை தவிர, கீழே விழுந்து தலையில் அடிபட்டு மெதுவாக ரத்தம் கட்டியிருந்தாலும், கல்லீரல் கெட்டு மூளையைக் குழப்பினாலும், சர்க்கரை, தைராய்டு, பி12 கோளாறாக இருந்தாலும் வீட்டில் நாம் பார்ப்பது "மறதி"தான். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தாலோ, விழுந்த பிறகு தலைவலியும் மந்தமும் கூடிக்கொண்டே போனாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

1. குடியை நிறுத்தும் முதல் வாரத்தில் உயிருக்குப் பாதுகாப்பு உண்டா?
2. பி1 ஊசி கிடைக்குமா?
3. மனச்சோர்வையும் அங்கேயே பார்ப்பார்களா, "அதுக்கு வேற டாக்டர்" என்பார்களா?
4. ஞாபகம் ஏறாதவருக்குத் தகுந்தபடி பேச்சு சிகிச்சையைத் தள்ளிவைக்கவோ எளிதாக்கவோ வழி உண்டா?
5. சீட்டில் எழுதாத செலவு என்ன?

முதலாவது பற்றி ஒரு வார்த்தை. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று, நான்காம் நாளில் சன்னி கண்டதுபோல் ஆள் மாறலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். "மூணாம் நாள் பேய் பிடிச்சிடுச்சு" என்று கோயிலுக்குத் தூக்கிப்போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

## வழி 1: வீட்டிலேயே நிறுத்துவது

செலவில்லை, வெளியே தெரியாது. அதனால் எல்லோரும் முதலில் இதைத்தான் முயல்கிறார்கள். தினமும் குடிக்காதவருக்கு, காலையில் கை நடுங்காதவருக்கு, முன்பு வலிப்போ சன்னியோ வராதவருக்கு, சாக வேண்டும் என்ற பேச்சு இல்லாதவருக்கு இது நடக்கும். ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. மற்றவர்களுக்கு வேண்டாம்.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஆள் துவண்டு கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு பாட்டில்" குளுக்கோஸ் ஏற்றுவது நம் வழக்கம். பி1 வறண்ட உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் பி1-ஐயும் அது தின்றுவிடும். பி1 ஊசி போட்டுவிட்டு, அல்லது அதோடு சேர்த்தே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்: "தினமும் குடிக்கிறவருங்க, பி1 போட்டுட்டீங்களா?"

இன்னொன்று, "அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று சுவரில் விளம்பரம் எழுதி விற்கும் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து) இருந்து அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகலாம். தெரியாமல் மருந்து கொடுப்பது, அவர் நல்ல ஞாபகத்தோடு இருந்தாலும் தவறு.

வீட்டு வழியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-ல் அமெரிக்காவின் அக்ரனில் தொடங்கிய இந்த அமைப்பின் கூட்டங்கள் நம் ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. காசு கிடையாது. மறதிக்காரருக்கு இது தோதாக இருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதே வாசகம், அதே வரிசை, அதே நாற்காலி, வாராவாரம். யாரும் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பரீட்சை வைப்பதில்லை. ஏறுகிறபோது ஏறட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நடுக்கத்தையும் சன்னியையும் கூட்டம் தீர்க்காது. மனச்சோர்வுக்கும் அது மருந்தல்ல.

## வழி 2: அரசு மருத்துவமனை

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர் பார்க்கிறார். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் குடிநோய்க்கென்றே வார்டு இருக்கிறது. 1794-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேலி பேசியே வளர்ந்த தலைமுறை நாம். அதனால் அதன் வாசலில் கால் வைக்க வீட்டில் ஒரு போராட்டம் நடக்கும். நடத்துங்கள்.

முதல் வாரத்துக்கு நான்கு வழிகளில் எனக்கு நம்பிக்கை அதிகம் இதில்தான். வலிப்பு வந்தால் பொது மருத்துவரும், தலையில் ரத்தம் கட்டியிருந்தால் ஸ்கேனும் அறுவை மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். பி1 ஊசி, நடுக்கத்துக்கான மருந்து எல்லாம் இலவசம். மனச்சோர்வுக்கும் அதே மருத்துவர்தான், வேறு சீட்டு எடுக்க வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைகளில் உளவியலாளர் தமிழிலேயே சோதனை செய்வார். நான் மேலே சொன்ன 15 சொல் சோதனை பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தொகுத்த சோதனைகளிலும் இருக்கிறது.

மறைவுச் செலவு, கூட இருக்கும் ஆள். அட்மிட் ஆனால் உறவினர் ஒருவர் இரவும் பகலும் இருந்தாக வேண்டும். தினக்கூலி வீட்டில் இரண்டு பேர் சம்பளம் நின்றுபோகும். அண்ணி பத்து நாள் தையல் கடைக்குப் போகவில்லை, எங்கள் "இலவச" சிகிச்சையில் பெரிய செலவே அதுதான். அப்புறம் ஓ.பி.யில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். மறதிக்காரரைத் தனியே அனுப்பினால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொல்லிவிட்டு வருவார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி அதையே நீட்டுங்கள்.

குறை என்றால், உடம்பு தேறியதும் படுக்கைக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். ஞாபகம் தேறும் வரை வைத்துக்கொள்ள இடமில்லை. பேச்சு சிகிச்சையும் ஆள் கூட்டத்தில் பத்து நிமிடம்தான்.

## வழி 3: தனியார் மனநல மருத்துவர்

வேலையில் இருப்பவர், இன்னும் ஓரளவு சொன்னது ஏறுபவர், வீட்டில் மாத்திரை கொடுக்க நம்பகமான ஒருவர் உள்ளவர். இவர்களுக்கு இது நல்ல வழி. லீவு குறைவு, அதே டாக்டர் ஒவ்வொரு முறையும் பார்ப்பார், மனச்சோர்வைத் தொடர்ந்து கவனிக்க அது பெரிய வசதி.

செலவில் கன்சல்டேஷன் ஃபீஸ் சின்னது. கூடவே வரும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், உளவியல் சோதனைக்குத் தனிக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அட்மிட் ஆக வேண்டியிருந்தால் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். மனநோய்க்கு மற்ற நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ன் மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் மதுப்பழக்கத்துக்கான சிகிச்சை என்று எழுதினால் பல பாலிசிகள் விலக்கிவிடும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு இது தெரிந்து நொந்தவர்கள் நிறைய.

தூக்க மாத்திரைதான் இன்னொரு மறைவுச் செலவு. முதல் வாரம் நடுக்கத்துக்குத் தரும் குளோர்டயஸிபாக்சைடு, டயஸிபாம் வகை தேவையான மருந்து. குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டியது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால், அந்த மாத்திரையே புதுச் சொல் ஏறுவதைக் கெடுக்கும். குடியை விட்டும் மறதி போகவில்லையே என்று புலம்பிய ஒருவருக்கு இரவு மாத்திரை ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்தது.

குடியை விலக்கத் தரும் மாத்திரைகளிலும் மறதியைக் கணக்கில் எடுங்கள். டைசல்ஃபிராம் போட்டவர் குடித்தால் உடம்பு படாத பாடு படும். மாத்திரை போட்டதையே மறந்து ஒரு கட்டிங் போட்டுவிடும் ஆளுக்கு இது சரிப்படாது. மனச்சோர்வில் உயிரை வெறுத்திருப்பவருக்கும் யோசிக்க வேண்டும். அகாம்ப்ரோசேட் வழக்கமாக வேளைக்கு இரண்டாக நாளைக்கு ஆறு மாத்திரை. நல்ல ஞாபகசக்தி உள்ள எனக்கே தவறும். நால்ட்ரெக்ஸோன் நாளைக்கு ஒன்று, குடித்துவிட்டாலும் டைசல்ஃபிராம் போல் வினை செய்யாது. ஆனால் கல்லீரல் நிலை பார்த்துத்தான் தருவார்கள். இந்த மூன்றில் எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். "இவருக்கு ஞாபகம் நிற்பதில்லை" என்ற தகவலை அவருக்குக் கொடுக்க வேண்டியது நாம்.

## வழி 4: மறுவாழ்வு மையம்

ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை தங்கவைப்பார்கள். சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனைபோல் மருத்துவர், ஆலோசகர், குடும்பத்தாருக்கான பயிற்சி எல்லாம் சேர்த்து நடத்தும் இடங்கள் உண்டு. வாடகை வீட்டில் இருபது பாய் போட்டு, முன்னாள் குடிகாரர் இருவரை வார்டனாக வைத்து நடத்தும் இடங்களும் உண்டு. இரண்டுக்கும் போர்டில் ஒரே பெயர்தான், "மறுவாழ்வு மையம்."

போன் செய்தால் நடு ராத்திரி நாலு பேர் வேனில் வந்து தூக்கிப்போகும் "பிக்கப்" சேவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. சம்மதம் இல்லாமல் சேர்க்க அதில் தனி முறை இருக்கிறது. மருத்துவர் பரிசோதித்து எழுத வேண்டும், முதல் கட்டமாக 30 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், பி1 ஊசி யார் போடுவார், முதல் வாரம் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை, நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். "முதல் மாசம் பார்க்க விடமாட்டோம்" என்றால் அப்படியே திரும்பி வாருங்கள்.

மறதி விஷயத்தில் மையத்தின் பலமே பலவீனம். காலை ஆறு மணி தொடங்கி இரவு வரை வகுப்பு. ஞாபகம் ஏறும் ஆளுக்கு இது பொன்னான நேரம். ஏறாத ஆளுக்கு அது தினசரி அவமானம். ஏற்கெனவே "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று மனச்சோர்வில் இருப்பவர் அந்த அவமானத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வார். எங்கள் அண்ணன் எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் மையம் யாருக்கு? உடம்பு மருத்துவமனையில் தேறி, இரண்டு மூன்று வாரம் குடியில்லாமல் இருந்து, சொன்னது கொஞ்சமாவது ஏறத் தொடங்கியவருக்கு. வீட்டுக்கு எதிரிலேயே டாஸ்மாக் இருப்பவருக்கு. இரண்டு மூன்று தடவை வெளிநோயாளியாக முயன்று வழுக்கியவருக்கு. மையத்தை முதல் கட்டமாக வைக்காமல் இரண்டாம் கட்டமாக வைத்திருந்தால் எங்களுக்கு ஐந்து மாதமும் அம்மாவின் வளையல்களும் மிஞ்சியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | வீடு + ஏ.ஏ. | அரசு மருத்துவமனை | தனியார் மருத்துவர் | மையம் |
|---|---|---|---|---|
| முதல் வாரப் பாதுகாப்பு | லேசான குடிக்கு மட்டும் | மிக நன்று | அட்மிஷன் வசதியைப் பொறுத்து | இடத்துக்கு இடம் மாறும் |
| பி1 ஊசி | தனியே ஏற்பாடு செய்ய வேண்டும் | உண்டு, இலவசம் | உண்டு | கேட்டு உறுதி செய்க |
| மனச்சோர்வு | கவனிப்பாரில்லை | அதே மருத்துவர் | தொடர்ச்சி நன்று | மருத்துவர் வருகிறாரா பார்க்க |
| ஞாபகம் ஏறாதவருக்கு | ஏ.ஏ. தோது | சோதனை கிடைக்கும், பேச்சு குறைவு | வீட்டு ஆள் துணை தேவை | முதல் வாரங்களில் பொருந்தாது |
| எழுதாத செலவு | மூன்றாம் நாள் ஆபத்து | உடனிருப்பவர் கூலி | சோதனை, ஸ்கேன், பாலிசி விலக்கு | நீட்டிக்கப்படும் மாதங்கள் |

## மனச்சோர்வு மாத்திரை: இப்போதா, ஒரு மாதம் கழித்தா?

நான்கு வழியில் எதில் போனாலும் இந்த இரண்டாம் கேள்வி வரும். ஒரு டாக்டர் உடனே தொடங்குவார், இன்னொருவர் பொறுக்கச் சொல்வார். இரண்டு பேருமே தெரியாமல் சொல்வதில்லை.

பொறுப்பதற்கான நியாயம். 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்த 191 ஆண்களில் 42 சதவீதம் பேர் சேர்ந்த உடனே கடும் மனச்சோர்வில் இருந்தார்கள். நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அது 6 சதவீதமாகிவிட்டது. மதுவே மனதைக் கீழே இழுத்திருந்தது என்று அர்த்தம். அவசரப்பட்டால் தேவையில்லாத மருந்து மாதக்கணக்கில் ஓடும்.

உடனே தொடங்குவதற்கான நியாயம். அந்த 6 சதவீதத்தில் உங்கள் ஆள் இருந்தால்? குடி பழகும் முன்பே சோர்வு இருந்ததா, நடுவில் குடிக்காமல் இருந்த மாதங்களிலும் இருந்ததா, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் காத்திருப்பதில் பயனில்லை. சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. இரவு நேரமென்றால் 14416 அல்லது 104-ஐ அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

இரண்டும் இருப்பவருக்கு இரண்டுக்கும் சேர்த்து மருந்து தருவது பலன் தந்ததாக 2010-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 170 பேருக்கு 14 வாரம் சிகிச்சை. மனச்சோர்வுக்கான செர்ட்ரலினும் குடிக்கான நால்ட்ரெக்ஸோனும் சேர்த்து எடுத்தவர்களில் 53.7 சதவீதம் பேர் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். ஒன்றை மட்டும் எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களும் 21 முதல் 28 சதவீதத்துக்குள் நின்றார்கள். "முதலில் குடியை விடட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளுபவரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

மருந்து தொடங்கும்போது ஞாபகத்தைக் கெடுக்காத வகையா என்றும் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை தூக்கத்துக்கு நல்லது, ஆனால் நினைவைக் கொஞ்சம் மழுங்கடிக்கும்.

## ஞாபகச் சோதனை எப்போது?

முதல் வாரம் வேண்டாம். நடுக்கமும் மாத்திரையின் மயக்கமும் சேர்ந்து மதிப்பெண் பாதாளத்தில் கிடக்கும். அதைப் பார்த்து வீடே அழும். குடியில்லாத மூன்று நான்கு வாரத்துக்குப் பின் ஒரு தடவை, அப்புறம் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை. சொல்லைக் கேட்டு மனதில் ஏற்றும் திறன் பலருக்கு வாரக்கணக்கிலேயே தேறத் தொடங்குகிறது. திட்டமிடுவது, இடம் கண்டுபிடிப்பது போன்றவை மாதக்கணக்கில் மெதுவாக வரும். வயது கூடினால் தாமதம் அதிகம். அண்ணன் மூன்றாம் மாதச் சோதனையில் ஐந்தாவது தடவை 9 சொன்னார், அரை மணி கழித்து 7. குடியில்லாமல், பி1-உடன், மனச்சோர்வு மருந்துடன். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மூன்றாம் மாதத்திலும் துப்புக் கொடுத்தும் வராமல், கதை கட்டுவதும் தொடர்ந்தால் பாதை வேறு. அப்போது நரம்பியல் மருத்துவரும் சேர வேண்டும். அப்படிப்பட்டவருக்கு "யோசிச்சுச் சொல்லு" என்று பரீட்சை வைக்காமல், சரியான விடையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவதுதான் பலன் தரும். தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே பதிந்துவிடும்.

அதுவரை ஏ.டி.எம். அட்டையை வேறொருவர் வைத்திருக்கட்டும். பைக் சாவியும். முக்கியமாக, இந்த மாதங்களில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். ஞாபகம் இல்லாத அண்ணனைத் தேடி, ஞாபகம் நன்றாக உள்ள சொந்தக்காரர்கள் வருவார்கள்.

## யாருக்கு எது

தினக்குடி, காலை நடுக்கம், சோறு இறங்காத ஆள் என்றால் அரசு அல்லது அட்மிஷன் வசதியுள்ள தனியார் மருத்துவமனை முதலில். தேறியபின் மையமா வெளிநோயாளியா என்பதை நான்காம் வாரம், சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள். சனி ஞாயிறு மட்டும் குடித்து மறுநாள் மறதி மட்டும் உள்ளவர், மனம் மட்டும் சோர்ந்திருப்பவர் என்றால் தனியார் மருத்துவரோ மாவட்ட மருத்துவமனை ஓ.பி.யோ போதும். மையம் தேவையே இல்லை. ஏ.ஏ.யை எதோடும் சேர்க்கலாம்.

எங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆனாலும் சீட்டை மடித்துப் பையில் வைக்கும் முன் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா பாருங்கள். பி1 மாத்திரை எத்தனை மாதம், தூக்க மாத்திரை எந்தத் தேதியில் நிற்கிறது, அடுத்த ஞாபகச் சோதனை எப்போது. இல்லையென்றால் அங்கேயே நின்று கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்தில் நிற்கும் அவரிடம் "நீ ஞாபகம் வெச்சுக்கோ" என்று விட்டுவிடாதீர்கள்.